மாட்டுக்கு வீணி வடியுது, எனக்கு ஏன் வாய் காயுது?

அன்றைக்கு ராத்தாவின் மாட்டைப் பார்க்க மிருக வைத்தியர் வந்திருந்தார். முட்கம்பி வேலியில் மடி கிழிந்து, இரண்டு நாளாகக் கன்றைக் கிட்ட விடாமல் உதைத்துக்கொண்டிருந்தது மாடு. தையல் போட வேண்டும். தோப்பூரில் நான் வாரந்தோறும் போகும் வீடுகளில் அதுவும் ஒன்று. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வாழ்வாதார உதவியாகக் கிடைத்த பசுவின் பேத்திதான் இந்த மாடு. அதன் பாலை நம்பித்தான் ராத்தாவின் அடுப்பு எரிகிறது. கணவர் இல்லை. மகன் 2006இல் காணாமல் போனவர். பேரப்பிள்ளைகள் இருவர்.

வைத்தியர் போட்ட ஊசி மிகச் சிறியது. சிறிது நேரத்துக்குள் மாட்டின் தலை தொங்கியது. முன்னங்கால்கள் மடிந்தன. மெல்லப் படுத்துவிட்டது. வாயிலிருந்து வீணி நூல் நூலாக வடிந்து மண்ணை நனைத்தது. வைத்தியர் உதவியாளரிடம் சொல்லி, வீணி தொண்டைக்குள் போகாமல் வெளியே வடியும்படி வாயைச் சரிவாக வைக்கச் சொன்னார்.

"டொக்டர், இது மௌத்தாகப் போகுதா?" என்று ராத்தா பதறினார்.

"இல்லையம்மா, இது மயக்கம். எழும்பிடும். நான் சொல்ற வரைக்கும் பாலை விக்கப்படாது, அவ்வளவுதான்." தைத்துக்கொண்டே பேச்சுக்குச் சொல்வதுபோல் இன்னொன்றும் சொன்னார். "இந்த மருந்தை முதல்ல மனிசருக்குப் பிரஷர் குறைக்கிறதுக்கு எண்டுதான் செஞ்சவங்க. மனிசரை மிச்சம் நித்திரையாக்கிப் போட்டுது. அதால மாட்டுக்கும் குதிரைக்கும் வந்திட்டுது. இப்ப பிரஷருக்குக் குடுக்கிற ஒரு குளிசையும் இதுக்குச் சொந்தக்காரன்தான்."

வைத்தியர் போன பிறகு ராத்தா பிளேன்டி ஊற்றித் தந்தார். தான் குடிக்காமல் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "மகள், அந்தச் சாமானுக்குப் பிரஷர் மருந்து குடுத்தா வீணி வடியுது. எனக்குப் பிரஷர் மருந்து குடுத்தா நாக்கு மேல்வாயில ஒட்டுது. அதுக்கு வடியுது, எனக்கு ஏன் காயுது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதைவிட என்னைத் துணுக்குறச் செய்தது, அவர் உள்ளே போய் எடுத்து வந்த பழைய பால்மாப் பேணி. திறந்தார். பாதிக்கு மேல் குளிசைகள். கிளினிக்கில் கொடுத்தவை. கடதாசிப் பையோடு சில, பிரிக்காத அட்டையோடு சில.

"கிளினிக் போற கிழமை மட்டும் போடுவன். மத்த நாள் போட்டா சோறு இறங்குதில்ல."

பயம் என்றுதான் எழுதினேன்

இங்கே என் தவறைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பேணியைப் பார்ப்பதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பே ராத்தா என்னிடம் வாய் காய்வதைச் சொல்லியிருந்தார். அப்போது அவர் அதைச் சொன்ன விதம் வேறு. 2006 ஆகஸ்ட்டில் மூதூர்ச் சண்டையில் தோப்பூரிலிருந்தும் சனம் கந்தளாய்ப் பக்கம் ஓடியதே, அந்த நடையில் ஷெல் விழும் சத்தத்துக்கு நாக்கு ஒட்டிப்போய், கைப்பிள்ளைக்கு ஆறுதல் சொல்லக்கூடப் பேச்சு வரவில்லையாம். "இப்ப ராவையில அதே மாதிரி வாய் ஒட்டுது மகள். அந்தப் பயம் திரும்பி வந்திட்டு" என்றார்.

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். யுத்தம் மனதில் விட்ட காயத்தைப் பற்றிப் பயிற்சிப் பட்டறைகளில் நிறையக் கேட்டவள். உடனே என் கோப்பில் எழுதினேன்: பயம், நித்திரையின்மை, வாய் உலர்தல், தலையிடி, உளவளத்துணைக்கு அனுப்பவும். என்ன குளிசை போடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள் என்றும் கேட்கவில்லை. யுத்தத்தைக் கண்ட பெண்ணுக்கு உடம்பில் எது நடந்தாலும் அது யுத்தம்தான் என்று நான் முடிவு கட்டி வைத்திருந்தேன். எங்களைப் போன்றவர்களுக்கு இது ஒரு தொழில் வருத்தம்.

ஆனால் ராத்தா சொன்னதும் முழுக்கப் பிழையில்லை. பயத்தில் வாய் உலர்வது உண்மை. பழைய காலத்தில் களவு பிடிக்க, சந்தேகப்பட்டவர்களை அரிசி மென்று துப்பச் சொல்வார்களாம். எவர் வாயில் அரிசி உலர்ந்தபடி வந்ததோ அவரே கள்வர். இந்தியாவிலும் சீனத்திலும் இந்த வழக்கம் இருந்ததாகச் சொல்வார்கள். குற்றமில்லாதவர் பயந்தாலும் அரிசி உலர்ந்துதான் வந்திருக்கும், பாவம். அது நிற்க, பயம் வாயை உலர்த்தும் வழியும், ராத்தாவின் குளிசை வாயை உலர்த்தும் வழியும் ஓரிடத்தில் சந்திக்கின்றன என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். அதற்கு எச்சிலில் இருந்து தொடங்க வேண்டும்.

எச்சில் கசிவதல்ல

ஒரு நாளைக்கு நமது வாயில் ஏறக்குறைய அரை லீற்றரிலிருந்து ஒன்றரை லீற்றர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. காதுக்கு முன்னால் ஒரு சோடி, தாடையின் கீழ் ஒரு சோடி, நாவின் கீழ் ஒரு சோடி எனப் பெரிய சுரப்பிகள் ஆறு. உதட்டின் உட்புறத்திலும் கன்னத்திலும் சிறிய சுரப்பிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. உமிழ்நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர்தான். மிச்சமுள்ள அந்த ஒரு பங்குதான் சோற்றை வழுக்க வைக்கிறது, பல்லைச் சொத்தையிலிருந்து காக்கிறது, வாயில் கிருமி பெருகாமல் பார்க்கிறது, உப்பு புளி தெரிய வைக்கிறது.

மாட்டுக்கு இது வேறு கணக்கு. வளர்ந்த பசு ஒன்று நாளைக்கு நூறு லீற்றருக்கு மேல் உமிழ்நீர் சுரக்கும். அசைபோடும் வைக்கோலை நனைக்கவும், முதல் இரைப்பையில் உண்டாகும் புளிப்பைத் தணிக்கவும் அவ்வளவு வேண்டும். சுரப்பதை எல்லாம் அது விழுங்கிவிடுவதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எச்சில் எப்படி வருகிறது? இரத்தத்திலுள்ள நீர் அமுக்கத்தில் பிதுங்கிக் கசிவதாகத்தான் முற்காலத்தில் பலரும் நினைத்தார்கள். அப்படியென்றால் பிரஷர் குறைந்தால் எச்சிலும் குறைய வேண்டும். ராத்தாவும் அதைத்தான் நினைத்திருந்தார். "பிரஷரை இறக்கினா எல்லாம் இறங்கும்தானே?" என்றார். இந்தக் கேள்விக்கு 1850ஆம் ஆண்டளவிலேயே ஒருவர் விடை கண்டிருக்கிறார். கார்ல் லுட்விக் என்ற ஜேர்மானியர். இரத்த அமுக்கத்தைக் கோடாக வரைந்து காட்டும் கருவியை 1847இல் அமைத்தவரும் அவர்தான். நாயின் உமிழ்நீர்க் குழாயில் அளவுகருவியைப் பொருத்தி, சுரப்பிக்குப் போகும் நரம்பைத் தூண்டினார். எச்சில் பாய்ந்தது. அது பாய்ந்த அமுக்கமோ நாயின் நாடியில் ஓடும் இரத்தத்தின் அமுக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தது. பிதுங்கி வரும் நீர், தன்னைப் பிதுக்கும் அமுக்கத்தை மிஞ்ச முடியாது அல்லவா? ஆக, சுரப்பி நரம்பின் கட்டளைக்கு வேலை செய்து எச்சிலை ஆக்குகிறது. கட்டளை நின்றால் எச்சில் நிற்கும்.

அந்தக் கட்டளை மூளையின் அடிப்பகுதியான மூளைத் தண்டிலிருந்து வருகிறது. புளியங்காயை நினைத்தால் வாயூறுவதும், பயத்தில் வாய் வரள்வதும், மேல்மூளை அந்த இடத்துக்கு 'விடு' என்றோ 'நிறுத்து' என்றோ சொல்வதால்தான். நரம்பு நுனியில் சுரக்கும் அசற்றைல்கோலின் என்ற பொருள் சுரப்பியைத் தூண்டுகிறது. ஊமத்தங்காயை அறியாமல் தின்ற பிள்ளைக்கு வாய் வரண்டு கண்மணி விரிவதைக் கண்டவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். ஊமத்தையிலுள்ள நஞ்சு அசற்றைல்கோலினைச் சுரப்பியில் பட விடாமல் மறித்துவிடுகிறது.

மூக்குக்கு விட்ட துளி

ராத்தாவின் கொப்பியில் இருந்த குளிசைகளில் ஒன்று குளோனிடின். எல்லோருக்கும் கொடுக்கும் மருந்தல்ல அது. மற்றவை போதாமல் போகும்போது சேர்ப்பது. இது பிறந்த கதை சுவாரசியமானது. 1962இல் ஜேர்மனியில் போரிங்கர் இங்கெல்ஹைம் என்ற கம்பனியில், தடிமனுக்கு மூக்கில் விடும் துளி மருந்தாகவே இதைத் தயாரித்தார்கள். அங்கிருந்த மருத்துவர் ஒருவர், தடிமன் பிடித்திருந்த தன் செயலாளருக்குச் சில துளிகள் விட்டுப் பார்த்தார். அந்தப் பெண் ஒரு முழு நாள் நித்திரை கொண்டார்! பார்த்தால் இரத்த அமுக்கம் இறங்கியிருந்தது. நாடித் துடிப்பு மெதுவாகியிருந்தது. வாய் வரண்டிருந்தது. தடிமன் மருந்து அன்றே பிரஷர் மருந்தாக மாறத் தொடங்கியது. 1966இல் ஜேர்மனியில் விற்பனைக்கு வந்தது.

(பரிசோதனைக்கு முதலில் அகப்பட்டது அலுவலகத்தில் வேலை செய்த ஒரு பெண் என்பதை நம் வாசகியர் கவனிக்காமல் விடமாட்டார்கள்.)

ஆக, வாய் வரட்சி இந்த மருந்தோடு கூடவே பிறந்தது. அமெரிக்காவில் இம்மருந்துக்கு உள்ள தகவல் தாளில், போடுபவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேருக்கு வாய் உலரும் என்று எழுதியிருக்கிறது. நித்திரைத் தூக்கம் 33 பேருக்கு. இப்படியான தாள் ராத்தாவின் கையில் எந்த மொழியிலும் கிடைத்ததில்லை. கடதாசிப் பையில் எத்தனை வேளை என்று கோடு போட்டுத்தான் கிடைத்தது.

ஏன் உலர்கிறது என்று மனிதரைக் கிழித்துப் பார்க்க முடியாது. அதனால் நாயிலும் எலியிலும் பார்த்தார்கள். விலங்குகளை இப்படிச் செய்வது எனக்கு இலேசாகச் செரிப்பதில்லை. ஆனாலும் ராத்தாவின் கேள்விக்கு விடை அங்கேதான் இருந்தது.

குளோனிடினின் இளைய சகோதரம்போல மொக்சோனிடின் என்று ஒரு பிரஷர் மருந்து உண்டு. பிறேசிலில் சாவோ பாவுலோ மாநிலத்து ஆய்வாளர்கள் 2000களின் தொடக்கத்தில் இதை எலிகளில் சோதித்தார்கள். முதலில் எலிக்கு எச்சில் ஊறச் செய்ய பிலோகாப்பின் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். பிலோகாப்பினும் பிறேசில் நாட்டுச் செடியொன்றின் இலையிலிருந்து வந்ததே. அந்தச் செடிக்கு அங்குள்ள பழங்குடிகள் வைத்த பெயரின் பொருளே 'வீணி வடிய வைப்பது' என்பார்கள். பிறகு எலியின் வாயில், முன்கூட்டியே நிறுத்து வைத்த பஞ்சு உருண்டைகளைச் சில நிமிடம் வைத்து எடுத்து மீண்டும் நிறுத்தார்கள். கூடிய நிறை எவ்வளவோ அதுவே எச்சில். எவ்வளவு எளிய வழி!

மொக்சோனிடினை எலியின் மூளையின் உட்குழிக்குள் மிகச் சிறிய அளவில் செலுத்தியபோது பஞ்சில் ஏறும் எச்சில் குறைந்தது. மூளையில் அல்பா-2 என்ற ஒரு வகை வாங்கிகள் உண்டு. இந்த மருந்துகள் போய் ஒட்டுவது அங்கே. அவ்வாங்கிகளை அடைக்கும் இன்னொரு மருந்தை முன்னதாகக் கொடுத்தால் இந்தத் தடை விலகியது, எச்சில் திரும்பியது. எனவே மருந்து எச்சிலை நிறுத்தச் சுரப்பி வரை போக வேண்டியதில்லை. மூளையிலிருந்தே கட்டளையைத் தணித்துவிடும் என்பது தெளிவானது. சுரப்பியிலுள்ள நரம்பு நுனிகளிலும் இவ்வகை மருந்துகள் ஓரளவு கை வைக்கின்றன.

இதை ராத்தாவுக்கு அல்லைப் பக்கத்து வயலை வைத்துத்தான் விளங்கப்படுத்தினேன். வாய்க்காலில் வெள்ளம் கூடி வரம்பு உடையப் பார்க்கிறது. மதகுக்காரர் மதகை இறக்குகிறார். வரம்பு தப்புகிறது. ஆனால் அதே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் சின்னத் தோட்டமும் காய்ந்து போகிறது. இருதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் போகும் கட்டளையைத் தணிக்கும் அதே மருந்து எச்சிலுக்குப் போகும் கட்டளையையும் தணித்துவிடுகிறது. பயமும் மேலேயிருந்து அதே இடத்தைத்தான் தொடுகிறது.

"அப்ப அது பயம் இல்லையா?" என்றார் ராத்தா.

"பயமும் இருக்கலாம் ராத்தா. ஆனா குளிசை போட்டாக் காயுது, விட்டா ஊறுது எண்டு நீங்கதானே சொன்னீங்க? பயம் குளிசையைக் கேட்டா வந்து போகும்?"

நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

மாட்டின் வாய்

இனி மாட்டுக்கு வருவோம். அன்று போட்ட ஊசி சைலசின். அதுவும் 1962இல் ஜேர்மனியில், பேயர் கம்பனியில், பிரஷர் மருந்தாகத் தேடிக் கண்டதே. மனிதரை அளவுக்கு மீறி மயக்கியதால் விலங்கு மருந்தானது. மாடு இதற்கு மிகவும் இளகிய பிராணி. குதிரைக்குக் கொடுக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கே அதற்குப் போதும். மிருக வைத்தியர் ஏன் அவ்வளவு சின்ன ஊசி போட்டார் என்பது பிறகுதான் விளங்கியது.

சைலசினும் அதே அல்பா-2 வாங்கிகளில்தான் ஒட்டுகிறது. பிறகு ஏன் வீணி வடிகிறது? அசைபோடும் பிராணிகளின் காதடிச் சுரப்பி, நரம்பின் கட்டளை இல்லாவிட்டாலும் ஓயாமல் சுரந்துகொண்டிருக்கும் இயல்புடையது. மயங்கிய மாடு விழுங்குவதில்லை. நாளெல்லாம் வயிற்றுக்குள் இறங்கும் நீர் அந்த ஒரு மணி நேரத்துக்கு மண்ணில் வடிகிறது. மாட்டுக்கு வடிந்தது கூடுதலாகச் சுரந்ததால் அல்ல, உள்ளே போகாததால். ராத்தாவின் வாயோ கட்டளைக்குக் காத்திருக்கும் வாய்.

எலிக்குக் கண்டது மனிதருக்குப் பொருந்தியது, மாட்டில் கண்டது கண்ணை ஏமாற்றியது. அதனால் விலங்கில் ஒன்றைக் கண்டார்கள் என்று எவரும் சொன்னால், எந்த விலங்கு என்று இப்போது நான் கேட்கிறேன்.

பிரஷர் குளிசை என்று ஒரு குளிசை இல்லை

நம் வீடுகளில் எல்லாவற்றையும் 'பிரஷர் குளிசை' என்ற ஒரே பெயரில் அழைக்கிறோம். அயல் வீட்டில் முடிந்துவிட்டால் நம் பையிலிருந்து நாலைக் கொடுக்கிறோம். நல்ல மனதுதான். ஆனால் அவை ஒன்றுக்கொன்று வேறு ஆட்கள்.

சர்ப்பகந்தி என்ற மூலிகையை நாட்டு வைத்தியர்கள் அறிவார்கள். இலங்கைக் காடுகளிலும் இருக்கிறது. அதன் வேர் பிரஷரைக் குறைப்பதை பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949இல் பிரித்தானிய இருதய மருத்துவ சஞ்சிகையில் எழுதி உலகறியச் செய்தார். அந்த வேரிலிருந்து 1952இல் பிரித்தெடுத்த ரெசர்ப்பின் பல வருடம் பெரிய பிரஷர் மருந்தாக இருந்தது. விலங்குகளுக்கு அதைக் கொடுத்தால் இமை சொருகும், எச்சிலோ கூடும். குளோனிடினுக்கு நேர்மாறு. இரண்டும் பிரஷரைக் குறைக்கும் மருந்துகள்தான்!

இன்று கிளினிக்குகளில் கூடுதலாகக் கொடுப்பவற்றுக்கு வேறு வேறு குணங்கள். அம்லோடிபின் காலை வீங்க வைக்கலாம். அதன் குடும்பத்து நிபெடிபின் முரசைத் தடிக்க வைக்கலாம். எனலப்ரில் சிலருக்கு வரட்டு இருமல் தரும். சிறுநீரைக் கூட்டும் குளிசை விடாயைக் கூட்டும்.

கர்ப்பிணிச் சகோதரிகள் கவனிக்க வேண்டியது மெத்தில்டோபா. கர்ப்பகாலத்துப் பிரஷருக்கு நீண்ட காலமாகக் கொடுத்துவரும் மருந்து அது. உடம்புக்குள் போய் உருமாறி அதே அல்பா-2 வாங்கிகளில்தான் வேலை செய்கிறது. அதனால் நித்திரைத் தூக்கமும் வாய் வரட்சியும் வரலாம். செல்வநகர்ப் பக்கம் ஒரு இளம் தாய், "பிள்ளைக்குத் தண்ணி பத்தாம வாய் காயுது" என்று மாமி சொன்னதைக் கேட்டுக் குளிசையை நிறுத்தியிருந்தார். மருத்துவமாதுவுக்கு நாங்கள் அறிவித்து அவர் திரும்பப் போடத் தொடங்கினார். அவருக்காவது கேட்பதற்கு ஒரு மாமி இருந்தார். பிரஷருக்கு முன்பிருந்தே எனலப்ரில், லொசாட்டன் போட்டு வந்த பெண், பிள்ளை தங்கியது தெரிந்தவுடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதவை. மருத்துவர் வேறு குளிசைக்கு மாற்றுவார்.

பேணியோடு கிளினிக்குக்கு

ராத்தாவின் பேணி என்னை இரண்டு இரவு தூங்க விடவில்லை. குளோனிடினைப் பற்றி வாசித்ததில் மிக முக்கியமானது வாய் அல்ல. அந்த மருந்தைத் திடீரென நிறுத்தினால் இரத்த அமுக்கம் பழைய அளவையும் தாண்டி எகிறலாம். ஓரிரு நாளுக்குள் நடக்கும். தலையிடி, படபடப்பு, வியர்வை, நடுக்கம். சிலருக்கு ஆபத்தாகவும் முடியும். இறக்கிய மதகை ஒரேயடியாகத் தூக்கிவிடுவது போல.

ராத்தா செய்து வந்தது இதுதான். கிளினிக் கிழமையில் மட்டும் போட்டு, மற்ற நாள்களில் நிறுத்திவிடுவது. நான் கோப்பில் 'பயம்' என்று எழுதிய அந்த இரவுத் தலையிடியும் நெஞ்சுப் படபடப்பும் எந்த நாள்களில் வந்தன என்று இப்போது கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். கிளினிக்குக்குப் போய் வந்து இரண்டாம், மூன்றாம் நாள். ஒழுங்காகப் போடுகிறார் என்று நம்பி, பிரஷர் கூடியிருக்கிறதே என்று கிளினிக்கில் அளவையும் கூட்டியிருந்தார்கள். அளவு கூடக் கூட வாய் இன்னும் காய்ந்தது. வாய் காயக் காய இன்னும் நிறுத்தினார்.

கிளினிக்கில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அங்க எவ்வளவு சனம் மகள். கொப்பியப் பார்ப்பாங்க, எழுதுவாங்க. வாய் காயுது எண்டு செல்ல வெக்கமா இருந்திச்சு. அது ஒரு வருத்தமா?" ஏசுவார்கள் என்ற பயமும் இருந்தது. ஒருமுறை ஒரு நாள் பிந்திப் போனதற்கு எல்லோருக்கும் முன்னால் ஏச்சு வாங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு யார் வாயைத் திறப்பார்?

அந்த வாய்க்கு அவர் தேடிய வைத்தியம் வெற்றிலை. முன்பு நாளைக்கு மூன்று வாய் போட்டவர், எச்சில் ஊறட்டும் என்று பத்துக்கு ஏற்றியிருந்தார். பேரனின் டொபியையும் இடையிடையே அடக்கிக்கொள்வார். எச்சில் இல்லாத வாயில் சீனி நின்றால் பல்லில் சொத்தை கெதியில் விழும். பாக்கு வாய்ப் புற்றுநோயைத் தரும். நான் இதைச் சொன்னபோது, "எல்லாத்தையும் விட்டா என்னத்தத்தான் வாயில வெக்கிற?" என்று சினந்தார். நியாயமான சினம். அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர், சோற்றுக்குக் கொஞ்சம் கூடுதலான சொதி, சீனி இல்லாமல் மெல்ல ஏதும், இரவில் படுக்குமுன் புளோரைட் பற்பசையால் பல் துலக்குவது. இவை எனக்குப் பல் வைத்தியர் ஒருவர் சொன்னவை. சிறுநீரகமோ இருதயமோ பலவீனமாகி, தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் அந்த அளவை மீறக்கூடாது என்றும் அவர் சொன்னார்.

அடுத்த கிளினிக் நாள் வரும் வரைக்கும் காத்திருக்கவில்லை. பேணியையும் கொப்பியையும் தூக்கிக்கொண்டு மறுநாளே போனோம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும் வரை திருகோணமலைக்குப் போவது ஒரு நாள் பயணம். இப்போது அந்தச் சாட்டு இல்லை, ஆனால் பஸ் காசும் அன்றைய பாலும் போகத்தான் செய்கிறது. வழியெல்லாம் ராத்தா பேணியை முந்தானைக்குள் மறைத்துப் பிடித்திருந்தார், களவெடுத்த சாமானைப் போல.

அன்று இருந்தவர் இளம் பெண் டொக்டர். ஏசவில்லை. பேணியைத் திறந்து பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு கொண்டுவந்தது. இல்லாட்டி நான் இன்னும் கூட்டியிருப்பன்" என்றார். பிரஷரை இரு கையிலும் இரண்டு தரம் பார்த்தார். குளோனிடினை உடனே நிறுத்தவில்லை. முதலில் குறைந்த அளவில் ஒழுங்காகப் போடச் சொல்லி, வேறொன்றைச் சேர்த்து, பிறகு படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். கிழமைக்கு ஒருமுறை மருத்துவமாது வீட்டில் பிரஷர் பார்த்துக் கொப்பியில் எழுதினார். எல்லாம் முடிய இரண்டு மாதத்துக்குக் கிட்டப் போனது.

குளோனிடின் கெட்ட மருந்து என்று எவரும் இதை வாசித்து எண்ணிவிட வேண்டாம். அதே எச்சில் குறைப்பு வேறு சிலருக்கு உதவியாகிறது. குளோசப்பின் என்ற மனநோய் மருந்து போடுபவர்களில் சிலருக்குத் தலையணை நனைய வீணி வடியும். அதைக் குறைக்க வைத்தியர்கள் குளோனிடினைக் கொடுப்பதுண்டு. போடுகிறவர்களில் பலருக்கு நாளாக ஆக வாய் வரட்சி தானாகக் குறைவதும் உண்டு. ராத்தா அதுவரை தொடர்ந்து போட்டதேயில்லை, பாவம். ஒவ்வொரு மாதமும் அந்த முதல் கிழமையின் வரட்சியையே புதிதாக அனுபவித்திருக்கிறார்.

என் கோப்பில் 'வாய் உலர்தல்' என்று எழுதியிருந்த இடத்தைத் தேடி எடுத்தேன். வெட்டவில்லை. பக்கத்தில் திகதியைப் போட்டு, குளிசைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதினேன். மற்ற இருபத்திரண்டு வீட்டுக் கோப்புகளிலும் அந்த இடம் வெறுமையாக இருந்தது. அதை நிரப்ப ஒரு மாதம் அலைந்தேன். பேணி வைத்திருந்தவர் ராத்தா மட்டுமல்ல. ஒருவர் தலையணை உறைக்குள், ஒருவர் அரிசிப் பானையில். காரணங்கள் வேறு: இருமல், கால் வீக்கம், தலைச்சுற்று. ஒருவர் மட்டும், குளிசை முடிந்துவிட்டால் திரும்பப் போய் வரிசையில் நிற்க முடியாது என்பதற்காகச் சேமித்து வைத்திருந்தார்.

போன கிழமை ராத்தாவிடம் போனபோது மாட்டின் தழும்பு ஆறி மயிர் முளைத்திருந்தது. கொட்டில் நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. ராத்தா சோற்றைப் பிசைந்து, சொதி இல்லாமல், கருவாட்டுத் துண்டோடு ஒரு பிடி வாயில் வைத்தார். மென்றார். விழுங்கினார்.

"ராவையில இன்னும் முழிப்பு வருது மகள்" என்றார். "அது மத்தது. அதுக்கு ஒண்ட மிஸ்ட திரும்ப வரச் செல்லு."

உளவளத்துணையாளரைத்தான் சொன்னார். வரும் புதன்கிழமைக்கு எழுதிக்கொண்டேன்.